‘பிரீத்’ படம்: பார்த்தவர்களும் பார்க்கப்போகிறவர்களும் கேட்ட கேள்விகள்

கழுத்துக்குக் கீழே அசைவற்றுப்போன ஓர் இளைஞரும் அவருடைய மனைவியும் அதற்குப் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த கதைதான் 2017இல் வெளிவந்த ‘பிரீத்’ என்ற ஆங்கிலப் படம். சிங்கப்பூரில் நோயுற்ற கணவரையோ மனைவியையோ பெற்றோரையோ வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்கள் சில ஒன்றுகூடி இதைப் பார்த்தோம். படம் முடிந்ததும் தொடங்கிய கேள்விகள் பல வாரங்கள் குறுஞ்செய்திகளாக வந்துகொண்டே இருந்தன. வீட்டுப் பராமரிப்புத் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் என்பதால் பதில் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கதை முழுவதையும் முடிவோடு சேர்த்தே பேசப்போகிறேன். முதலில் படத்தைப் பார்த்துவிட விரும்புகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

இது உண்மையிலேயே நடந்த கதையா?

ஆமாம். ராபின் கேவண்டிஷ் 1930இல் இங்கிலாந்தின் டார்பிஷயரில் பிறந்தவர். கென்யாவில் தேயிலைத் தரகு வேலை பார்த்தார். 1957இல் டயானாவைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில், 28 வயதில், போலியோ தாக்கியது. கையும் காலும் போயின. தானாக மூச்சுவிடவும் முடியவில்லை. டயானா அப்போது கர்ப்பிணி. இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ராபினுக்கு மூன்று மாதம்தான் கெடு என்றார்கள் மருத்துவர்கள். அவர் 1994 வரை, 64 வயது வரை வாழ்ந்தார்.

1959இல் பிறந்த மகன் ஜோனதன்தான் இந்தப் படத்தின் தயாரிப்பாளர். தொழில்முறையில் திரைப்படத் தயாரிப்பாளரான அவர் தன் பெற்றோரின் கதையைத் தன் கூட்டாளி ஆண்டி செர்கிஸிடம் கொடுத்து இயக்கச் சொன்னார். திரைக்கதை வில்லியம் நிக்கல்சன். ராபினாக ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், டயானாவாக கிளேர் ஃபாய். இசை நிதின் சாவ்னி, பிரிட்டனில் பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளி இசைக்கலைஞர். படம் வெளிவந்தபோது டயானா உயிருடன் இருந்தார். ஒரு மகன் தன் தாய் தந்தையைப் பற்றி எடுத்த படம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். படத்தில் அன்பு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை.

போலியோ குழந்தைகளுக்கு வரும் நோய்தானே? 28 வயது ஆளுக்கு எப்படி வந்தது?

குழந்தைகளை அதிகம் தாக்கியதால்தான் நம் ஊர்களில் இளம்பிள்ளை வாதம் என்று பெயர் வந்தது. பெரியவர்களுக்கும் வரும், வந்தால் பக்கவாதம் இன்னும் கடுமையாக இருக்கும். பெரும்பாலானோருக்கு அறிகுறியே இல்லாமலோ சாதாரணக் காய்ச்சலாகவோ வந்துபோகும் அந்தக் கிருமி, மிகச் சிலருக்கு மட்டும் தண்டுவடத்தில் புகுந்து, தசைகளை இயக்கும் நரம்பு உயிரணுக்களை அழித்துவிடும். மார்புத் தசையும் உதரவிதானமும் செயலிழந்தால் மூச்சு நின்றுவிடும். ராபினுக்கு நடந்தது இதுதான்.

சிங்கப்பூருக்கும் அந்த 1958 மறக்கக்கூடிய ஆண்டு இல்லை. ராபின் விழுந்த அதே காலக்கட்டத்தில் இங்கேயும் போலியோ பரவிக்கொண்டிருந்தது. அப்போது புதிதாக இருந்த சேபின் சொட்டு மருந்தை ஏறத்தாழ இரண்டு லட்சம் குழந்தைகளுக்கு இங்கே கொடுத்தார்கள். பரவல் நடந்துகொண்டிருக்கும்போதே அத்தனை பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்தது உலக மருத்துவ வரலாற்றில் பேசப்படும் நிகழ்வு. மேற்குப் பசிபிக் வட்டாரம் போலியோ அற்றது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அறிவித்தது. கையில் காலில் அந்த வாதத்தின் தடத்தோடு இன்று எழுபது வயதைத் தொட்டிருக்கும் அண்டை வீட்டுத் தாத்தா பாட்டிகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்ல நிறைய இருக்கிறது.

அவருக்கு உணர்ச்சி இருந்ததா? மனைவி தொட்டால் தெரியுமா?

கூட்டத்தில் யாரும் எழுந்து கேட்கவில்லை. பிறகு தனியாக என்னிடம் ஐந்தாறு பேர் கேட்டார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி.

தெரியும். போலியோ தசைகளை இயக்கும் நரம்புகளைத்தான் அழிக்கிறது. தொடு உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்புகள் அப்படியே இருக்கும். விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் துண்டானவர்களின் நிலை வேறு. அவர்களில் பலருக்குக் கீழே எதுவும் தெரியாது. ராபினுக்கு விரலை அசைக்க முடியாது, ஆனால் அந்த விரலை டயானா பிடித்திருப்பது தெரியும். முதுகில் போர்வை மடிந்து உறுத்துவது தெரியும். நெற்றியில் ஈ உட்கார்ந்தால் தெரியும், விரட்ட முடியாது. வலி, சூடு, குளிர், ஆசை எல்லாம் இருக்கும்.

இதைப் புரிந்துகொண்டு பார்த்தால் படத்தின் காதல் காட்சிகள் வேறு மாதிரித் தெரியும். டயானா கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் படுத்துக்கொள்வதும், கன்னத்தோடு கன்னம் வைப்பதும் பார்ப்பவர்களை உருக்குவதற்காக வைத்த காட்சிகள் என்று தோன்றலாம். அவர்கள் இருவருக்கும் அது தாம்பத்தியம். நோய்க் கட்டிலைத் தனியாகவும் மனைவியின் படுக்கையைத் தனியாகவும் போட்டுவிட்டு, ‘அவர் இனி நோயாளி, நான் இனி தாதி’ என்று வாழும் பல வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். யாரையும் குறை சொல்லவில்லை. மருத்துவக் கட்டில் ஒற்றைக் கட்டிலாகத்தான் வருகிறது. மூவறை வீட்டில் இரண்டாவது கட்டிலுக்கு இடம் இருக்காது. ஆனாலும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, கையைப் பிடித்தபடி ஒன்றாகத் தொலைக்காட்சி பார்க்கலாம். பிடித்திருப்பது அவருக்குத் தெரிகிறதா என்று மருத்துவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். பல நோய்களில் பதில் ‘தெரியும்’ என்றுதான் வரும். அறிவியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கை முடக்கிய நரம்பு நோயும் இப்படித்தான், அசைவை எடுத்துக்கொண்டு தொடு உணர்ச்சியை விட்டுவைக்கும்.

மூச்சுவிட முடியாதவரை மருத்துவமனை எப்படி வீட்டுக்கு அனுப்பியது?

அனுப்பவில்லை. மருத்துவர்கள் தடுத்ததையும் மீறித்தான் அவர் வெளியேறினார்.

அக்காலத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று இரும்பு நுரையீரல்: தலை மட்டும் வெளியே தெரிய, உடல் முழுவதையும் ஓர் உலோக உருளைக்குள் வைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து மூச்சுவிட வைப்பது. இன்னொன்று, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வழியாகக் காற்றை நேரடியாக உள்ளே தள்ளுவது. இந்த இரண்டாவது வழி பரவக் காரணம் 1952இல் கோபன்ஹேகனில் நடந்த ஒரு சம்பவம். போலியோ நோயாளிகள் மருத்துவமனையில் குவிந்தார்கள், கருவிகள் போதவில்லை. பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் சொன்னபடி தொண்டையில் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் மருத்துவ மாணவர்கள். சுமார் 1,500 பேர் முறைபோட்டு, இரவு பகலாக, மாதக் கணக்கில் அமுக்கினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் பிறப்பு அங்கேதான்.

ராபினுக்கும் தொண்டையில் குழாய்தான். துருத்தி போன்ற ஒரு கருவி மின்சாரத்தில் ஓடிக் காற்றைத் தள்ளும். கருவி காற்றை உள்ளே தள்ளும்போது கொஞ்சம் மேலே கசிந்து குரல்நாண்களைத் தொடும், அந்த நொடியில் பேச வேண்டும். கார்ஃபீல்ட் வாக்கியங்களை நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசுவது அதனால்தான். கருவி ஒரு நிமிடம் நின்றாலும் ஆபத்து. மருத்துவர்கள் அஞ்சியது நியாயம். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காட்சியில் நாய் உரசிச் செருகி கழன்றுவிடுகிறது. அறையில் வேறு யாரும் இல்லை. அவருக்குக் கத்தவும் மூச்சில்லை. எங்கள் கூட்டத்தில் அந்தக் காட்சியில் மூன்று பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். மூவரும் வீட்டில் கருவி வைத்திருப்பவர்கள்.

இன்று நிலைமை வெகுவாக மாறிவிட்டது. வீட்டுக் கருவிகளில் மின்கலமும் எச்சரிக்கை மணியும் உண்டு. சிங்கப்பூரில் டான் டோக் செங் மருத்துவமனை இதற்கென்றே வீட்டுச் சுவாச ஆதரவுச் சேவை ஒன்றை நடத்துகிறது. வீட்டிலேயே வென்டிலேட்டரோடு வாழ்வது இங்கே நடக்கக்கூடியதுதான்.

அந்தச் சக்கர நாற்காலியை உண்மையிலேயே அவர்களே செய்தார்களா?

நண்பர் ஒருவர் செய்தார். டெடி ஹால், ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர். பில்ட்டவுன் மனிதன் என்ற பெயரில் பல ஆண்டுகள் அறிவியல் உலகை ஏமாற்றிய போலி மண்டையோட்டை 1953இல் அம்பலப்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். படத்தில் ஹியூ பான்வில் அவராக நடிக்கிறார். சுவாசக் கருவியையும் மின்கலத்தையும் நாற்காலிக்குள்ளேயே பொருத்தலாம் என்று அவர் கணக்குப்போட்டுக் கட்டிக்கொடுத்தது 1962இல். அதுவரை கட்டிலோடு கிடந்தவர் அன்று தோட்டத்துக்குப் போனார். பிறகு ஊருக்குள் போனார். பிறகு ஐரோப்பா போனார்.

ராபின் அதோடு நிற்கவில்லை. தன்னைப்போல் கருவியோடு கட்டிப்போடப்பட்டவர்கள் நாட்டில் எத்தனை பேர் என்று மருத்துவர்களோடு சேர்ந்து தேடினார். அவர்களுக்கும் நாற்காலி கிடைக்கப் பணம் திரட்டினார், அரசாங்கத்தை வற்புறுத்தினார். தலையை இப்படியும் அப்படியும் அசைத்தே தொலைபேசி, தொலைக்காட்சி, வெப்பமூட்டி ஆகியவற்றை இயக்க உதவும் ‘பாசம்’ (Possum) என்ற கருவியை மேம்படுத்த ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இருந்தவர்களோடு உழைத்தார். 1974இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. விருது கொடுத்தது. கடும் உடற்குறையுள்ளோர் குடும்பத்தோடு வந்து தங்க சவுத்தாம்டன் அருகே ஒரு விடுமுறை இல்லமும் அவர் முயற்சியில் எழுந்தது. இந்தப் பிற்பகுதியைப் படம் அவசரமாகத் தாண்டிப்போகிறது. இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம்.

டயானா ஒரு நளாயினி என்று என் மாமியார் சொன்னார். சரிதானே அக்கா?

உங்கள் மாமியார் மரியாதையோடுதான் சொல்லியிருப்பார். தொழுநோயுற்ற கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்த நளாயினியை விடப் பெரிய பாராட்டு அந்தத் தலைமுறையிடம் கிடையாது. ஆனால் அந்தப் பெயரை டயானாவுக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நளாயினி தனியாகச் சுமந்தாள். டயானா தனியாகச் சுமக்கவில்லை. படத்தை இன்னொரு முறை பார்த்து, ராபின் இருக்கும் அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். டயானாவின் இரட்டைச் சகோதரர்கள் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் (இருவராகவும் டாம் ஹாலண்டர் ஒருவரே நடிக்கிறார்). நண்பர்கள் வருகிறார்கள், குடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், நாற்காலியைத் தூக்கி வண்டியில் ஏற்றுகிறார்கள். ஸ்பெயினில் நடுச்சாலையில் கருவி எரிந்துபோகிறது. மாற்றி மாற்றிக் கையால் காற்றடிக்கிறார்கள். டெடி ஹால் விமானம் ஏறி வந்து பழுது பார்க்கும்வரை அந்த ஊர்க்காரர்களே பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த அன்பு நீடித்ததற்கு இது பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் பார்த்த பராமரிப்பாளர்களில் முதலில் உடைந்துபோனவர்கள் அன்பு குறைந்தவர்கள் இல்லை. தூக்கம் கெட்டவர்கள்தான். இரவில் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப்போட வேண்டும், சளி உறிஞ்ச வேண்டும், காலையில் மறுபடி சமைக்க வேண்டும். ‘உன்னைப்போல் யாரால் முடியும்’ என்று உறவினர் சொல்லிவிட்டுப் பழம் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பாராட்டைக் கேட்ட பிறகு, ‘இன்று ராத்திரி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் தூங்க வேண்டும்’ என்று எப்படி வாய் வரும்? பாராட்டுவதற்குப் பதில் சனிக்கிழமை மூன்று மணி நேரம் வந்து உட்காருங்கள். உறவுக்குச் செய்ய வேண்டியது அதுதான்.

இல்லப் பணிப்பெண்ணிடம் முழுப் பொறுப்பையும் விட்டுவிட்ட வீடுகளுக்கும் இதையே சொல்வேன். அவளும் தூங்க வேண்டும். 2023 முதல் மாதத்தில் ஒரு நாளாவது அவளுக்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும், பணமாக ஈடுகட்ட முடியாது என்பது சட்டம்.

இன்னொன்றும் உண்டு. நளாயினி கதையில் கணவன் கேட்பதை எல்லாம் மனைவி செய்கிறாள். இங்கே ராபின் முதலில் கேட்டது, தன்னைச் சாகவிடும்படியும் வேறு வாழ்க்கை அமைத்துக்கொள்ளும்படியும். டயானா முடியாது என்று சொல்லிவிட்டாள்.

சாக வேண்டும் என்றவர் எப்படி மாறினார்? படம் அதை வேகமாகக் காட்டிவிட்டதே.

வேகமாகத்தான் காட்டுகிறது. பிறந்த குழந்தையைக்கூடப் பார்க்க மறுத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காட்சி எனக்கு மிகவும் உண்மையாகப் பட்டது. பக்கவாதமோ விபத்தோ வந்த முதல் மாதங்களில் பலர் அப்படித்தான் இருப்பார்கள். பிள்ளையை வெறுத்துத் திரும்புவதில்லை. தூக்க முடியாத கையை வைத்துக்கொண்டு எப்படிப் பார்ப்பது என்பதுதான்.

‘உனக்காக என்ன செய்ய முடியும்?’ என்று டயானா கேட்கிறாள். இங்கிருந்து வெளியே கொண்டுபோ என்கிறார் அவர். அந்த இடத்திலிருந்து அவர் மாறத் தொடங்குகிறார். ஆறுதல் பேச்சோ உபதேசமோ அவரை எழுப்பவில்லை. அவர் ஒன்றைக் கேட்டார், அது நடந்தது. உடம்பு முழுவதும் பிறர் கைக்குப் போன பிறகு, தான் சொன்னால் ஒன்று நடக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நடமாடும் நமக்குப் புரிவதில்லை. இட்டிலியா தோசையா என்று கேட்டுவிட்டு ஊட்டுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டுமா என்று கேளுங்கள். மின்கட்டணம் பற்றிய பேச்சையும் மகளின் கல்யாணப் பேச்சையும் அவர் முன்னால் வைத்தே பேசுங்கள், அவர் கருத்தைக் கேட்டு.

உங்கள் வீட்டில் யாராவது சாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் தனியாகச் சமாளிக்காதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 1767 என்ற எண்ணில் எஸ்ஓஎஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பை எந்த நேரத்திலும் அழைக்கலாம். பராமரிப்பவரும் அழைக்கலாம்.

அவர்கள் வசதியான வெள்ளைக்காரர்கள். பெரிய வீடு, பேராசிரியர் நண்பர். நம்மால் முடியுமா?

நியாயமான கேள்வி. படத்தின் தொடக்கப் பகுதியில் காலனி ஆட்சிக்காலக் கென்யாவின் வெள்ளையர் சமூகம் வருகிறது. கிரிக்கெட்டும் மாலை விருந்துமாகப் போகும் அந்த வாழ்க்கையைப் பார்க்கும்போது, தோட்டங்களில் பால்வெட்டிய நம் தாத்தா பாட்டி நினைவுக்கு வந்தால் அதில் தவறில்லை. படம் அந்தப் பக்கத்தை அதிகம் கேள்வி கேட்பதில்லை. இனிப்பு கூடிவிட்டது என்று விமர்சகர்கள் சிலர் எழுதியதும் ஓரளவு உண்மைதான்.

ஆனால் 1961இல் அவர்களுக்கு இல்லாத சில இங்கே இன்று நமக்கு உண்டு. அவர்கள் நாற்காலியோடு தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். நம் பேருந்துகளில் சாய்தளம் இருக்கிறது, எம்ஆர்டி ரயில் நிலையங்களில் மின்தூக்கி இருக்கிறது. 2003இல் திறந்த வடகிழக்குப் பாதை தொடக்கத்திலிருந்தே சக்கர நாற்காலிக்கு ஏற்றதாகக் கட்டப்பட்டது. அதற்கு முந்தைய நிலையங்களில் பிறகு மின்தூக்கி வைத்தார்கள். உடற்குறையுள்ளோர் அமைப்புகள் விடாமல் கேட்டுப் பெற்றது அது.

பண உதவியில் முதலில் பார்க்க வேண்டியது கேர்ஷீல்டு லைஃப் என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதித் திட்டம். 2020 அக்டோபரில் தொடங்கியது. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை செல்வது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய முடியாதவருக்கு, அந்த நிலை நீடிக்கும்வரை, ஆயுள் முழுவதும்கூட மாதந்தோறும் பணம் வரும். 1980இலும் அதற்குப் பிறகும் பிறந்த சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் கட்டாயமாக அதில் இருக்கிறார்கள். அதற்கு முன் பிறந்தவர்கள் தாங்கள் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். பராமரிப்பவருக்கான இல்லப் பராமரிப்பு மானியம் தனி. கருவிகளுக்கு, உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பின் உதவித் தொழில்நுட்ப நிதி இருக்கிறது. லெங்கோக் பாருவில் உள்ள எனேபலிங் வில்லேஜுக்குப் போனால் கண்ணசைவில் இயங்கும் கணினி முதல் பலவற்றைத் தொட்டுப் பார்க்கலாம். ராபின் தலையை அசைத்து மணியடித்த கருவியின் பேரப்பிள்ளைகள் அவை. மூத்தோர் உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கைப்பிடியும் சாய்தளமும் பொருத்த ‘ஈஸ்’ திட்டம் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் போங்கள். விண்ணப்பம் நீளமாக இருக்கும். தமிழில் விளக்க ஆள் கேளுங்கள்.

பேராசிரியர் நண்பருக்கு என்ன செய்வது என்றால், தேவைப்படுவது பேராசிரியர் இல்லை, கை வேலை தெரிந்த ஒருவர். கப்பல் பட்டறையில் வேலை செய்த ஒரு மாமா, மருமகனின் சக்கர நாற்காலிக் கைப்பிடியில் குழாயைத் தாங்கும் கொக்கி ஒன்றைத் துருப்பிடிக்காத கம்பியில் வளைத்துப் பொருத்தியதை நான் பார்த்திருக்கிறேன். கடையில் அப்படி ஒன்று கிடைக்காது.

இதே நிலை டயானாவுக்கு வந்திருந்தால் ராபின் இப்படி இருந்திருப்பாரா?

கூட்டத்தில் பெண்கள் கேட்டார்கள், ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். ராபினைப் பற்றி நான் சொல்ல முடியாது. நம் வீடுகளைப் பற்றிச் சொல்ல முடியும். நம் கதைகளில் மனைவியைக் கூடையில் சுமந்த கணவனுக்குப் பெயரே இல்லை. ஆனால் அப்படிப்பட்ட ஆண்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தோ பாயோவில் ஒரு டாக்சி ஓட்டுநர், பேச்சும் அசைவும் போன மனைவிக்கு எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, பின்னலிட்டு, நுனியில் ரிப்பன் கட்டிவிட்டுத்தான் மதிய வேலைக்குப் போவார். பின்னல் இறுக்கமாகவும் நேராகவும் இருக்கும். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். கண் சிமிட்டி அவளே சொல்லிக்கொடுத்தாள் என்றார்: சரியென்றால் ஒரு சிமிட்டல், இழுக்கிறது என்றால் இரண்டு.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

மேல்நிலை வயதுப் பிள்ளைகள் பார்க்கலாம். இரத்தம் வரும் காட்சிகள் சில உண்டு, ஆபாசம் இல்லை. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ படுக்கையில் இருந்தால் பார்த்த பிறகு பிள்ளைகளிடம் பேசுங்கள்.

அந்த ஜெர்மானிய மருத்துவமனைக் காட்சி என்னை உலுக்கிவிட்டது. அப்பாவைத் தாதிமை இல்லத்தில் விட்டிருக்கிறேன். நான் செய்தது பாவமா?

இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காட்சியில், தூசி இல்லாத வெள்ளை மண்டபத்தில், சுவரில் அடுக்கிய இரும்பு நுரையீரல்களிலிருந்து தலைகள் மட்டும் வெளியே தெரிகின்றன. சுத்தம், ஒழுங்கு, அமைதி எல்லாம் இருக்கின்றன. மனிதர்களோடு பேச யாரும் இல்லை. ராபின் அதன் பிறகு மருத்துவர்கள் கூடியிருக்கும் மாநாட்டில் பேசுகிறார்; உடற்குறையுள்ளோரைப் பற்றி விவாதிக்கக் கூடியவர்கள் நடுவில் அப்படிப்பட்ட ஒருவரே வந்து உட்கார்கிறார்.

அந்தக் காட்சி கண்டிப்பது அப்பாவை இல்லத்தில் சேர்த்த உங்களை இல்லை, பேசாமல் அடுக்கி வைக்கும் வழக்கத்தை. வீட்டிலேயே வைத்துக்கொண்டு அறைக்கதவைச் சாத்திவிடுபவர்களும் உண்டு. இல்லத்தில் இருக்கும் அப்பாவை வாரம் தவறாமல் போய்ப் பார்த்து, தமிழ் முரசைச் சத்தமாக வாசித்துக்காட்டிச் சண்டை போட்டுவிட்டு வரும் மகளும் உண்டு. இரண்டு வேலை பார்க்கும் குடும்பம், மின்தூக்கி நிற்காத தளம், நூறு கிலோ எடை, இரவில் ஆள் இல்லை என்றால் தாதிமை இல்லம் பொறுப்பான முடிவு. தமிழ் பேசும் தாதி இருக்கிறாரா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, வெளியே அழைத்துப்போக விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

முடிவில் ராபின் தானே சாவைத் தேர்ந்துகொள்கிறாரே. அது சரியா? சிங்கப்பூரில் சட்டம் என்ன?

பல ஆண்டுகள் கருவி காற்றைத் தள்ளித் தள்ளி அவர் உள்ளே புண்ணாகி இரத்தம் பெருகத் தொடங்குகிறது. மூச்சடைத்துச் சாகும் முடிவு நெருங்குகிறது என்று தெரிந்த பிறகு, மனைவியிடமும் மகனிடமும் பேசி, நண்பர்களை அழைத்து விடைபெறுகிறார். படம் அதை அமைதியாகக் காட்டுகிறது. எனக்கு அதில் உடன்பாடு முழுமையாக இல்லை. உடற்குறையோடு வாழ்பவர்கள் பலர், ‘இப்படிப்பட்ட படங்கள் கடைசியில் எங்களைச் சாகவைத்துத்தான் முடிகின்றன’ என்று வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தை நாம் கேட்க வேண்டும். ராபினின் நிலை மரணம் நெருங்கிய நிலை என்பதையும், அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் ஆசையாக வாழ்ந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் ஒருவர் சாக மருத்துவரோ குடும்பத்தாரோ உதவுவது குற்றம். அதே நேரத்தில், தெளிவான மனநிலையில் உள்ள நோயாளி சிகிச்சையை மறுக்கலாம். 1996இல் இயற்றிய சட்டத்தின்படி, 21 வயது நிரம்பியவர், பின்னாளில் தீராத நோயில் நினைவிழந்து கிடந்தால் உயிரை நீட்டிக்கும் அசாதாரணச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சிகள் தேவை, ஒருவர் மருத்துவராக இருக்க வேண்டும். இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் வீட்டில் பேச வேண்டும். நம் வீடுகளில் ‘வாயைக் கழுவு’ என்று பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், நடு இரவில், அப்பா என்ன விரும்பியிருப்பார் என்று அண்ணனும் தம்பியும் சண்டை போடுகிறார்கள்.

படம் பார்த்த பிறகு என் கணவர் தேக்காவுக்குப் போக வேண்டும் என்கிறார். அவர் வென்டிலேட்டரில் இருக்கிறார். பயமாக இருக்கிறது.

பயம் இருக்கட்டும், போய் வாருங்கள். உங்கள் சுவாச சிகிச்சைக் குழுவிடம் முதலில் சொல்லுங்கள். மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று வீட்டில் ஓட்டிப் பாருங்கள். அதில் பாதி நேரத்துக்குள் திரும்பிவிடும்படி திட்டமிடுங்கள். கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் ‘அம்பு’ (Ambu) பை நாற்காலியின் பின்புறம் கைக்கெட்டும் இடத்தில் தொங்க வேண்டும், சாமான் பையின் அடியில் வேண்டாம். அதை அமுக்கத் தெரிந்தவர் உங்களைத் தவிர இன்னொருவர் உடன் வர வேண்டும். உறிஞ்சும் கருவி, மாற்றுக் குழாய், துடைக்கத் துணி.

முதல் நாள் கீழ்த்தளம் வரை. அடுத்த முறை பேருந்து நிறுத்தம் வரை. ஓட்டுநர் இறங்கிச் சாய்தளத்தைப் போடும்வரை அவசரப்படாதீர்கள், பின்னால் நிற்பவர்கள் காத்திருப்பார்கள். தேக்காவுக்கு வடகிழக்குப் பாதையில் லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்குங்கள். ஞாயிறு மாலை வேண்டாம், நடைபாதையில் நாற்காலி நகராது. வார நாளில் காலை பத்து மணிக்குப் போனால் பூக்கடைகள் திறந்திருக்கும், கூட்டம் இருக்காது. என்ன வாங்க வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.